எங்கள் தெருப் பையனின் சிகிச்சைக்குப் பணம் திரட்டுகிறோம்: யார் கணக்கில் வாங்குவது, மொய் விருந்து வைக்கலாமா?

வடக்குத்தெரு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கம். என்னோடு ஒன்றாகப் படித்த நண்பனின் மகனுக்கு ஏழு வயது. நண்பன் தென்னை மரம் ஏறுகிறவன், ஏறினால்தான் அன்றைக்குக் காசு. இரண்டு மாதமாகப் பையனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, கால் வலிக்கிறது என்று ராத்திரியில் அழுதான், வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்கிற வகை. "குணமாக்கக் கூடியதுதான்" என்று டாக்டர் சொன்னதை நண்பன் ஒரே போனில் என்னிடம் நாலு தடவை சொன்னான்.

இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறார்கள். மொத்தம் 12 லட்சம் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மருந்து இன்னும் ஆரம்பிக்கவில்லை. நான் பதற்றத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதி, என் ஜிபே எண்ணைப் போட்டு ஊர் குரூப்பில் விட்டேன். நாலே நாளில் 1,43,000 ரூபாய் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கிற ஊர்க்காரர்கள், திருப்பூரில் வேலை செய்கிறவர்கள், யார் என்றே தெரியாமல் 50 ரூபாய் போட்டவர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் நேற்று ஒருவர் "எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தாய்" என்று குரூப்பில் கேட்டார். கேட்டதில் தப்பில்லை, ஆனால் அதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பணம் என் கணக்கில் இருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியவர்கள் மொய் விருந்து வைத்துவிடலாம் என்கிறார்கள். பையன்கள் ஆன்லைன் தளத்தில் போடலாம் என்கிறார்கள். ஒரு வீடியோ சேனல்காரர் வந்து பையனைப் படம் எடுத்துப் போடுவதாகச் சொல்கிறார், பையனின் அம்மாவுக்கு அதில் விருப்பமே இல்லை, ஆனால் பணம் வேண்டுமே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறார். எதை முதலில் செய்வது? இதில் பட்டு வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

திருவாரூர் அம்மா எழுதியது:

தம்பி, என் மகளுக்கும் இதே நோய்தான். 2018 தை மாதம் கண்டுபிடித்தார்கள், 2020 கடைசியில் மாத்திரையை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் போகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். இதை முதலில் உன் நண்பனிடமும் அவன் மனைவியிடமும் போய்ச் சொல்.

இனி பணம். மருந்துக்கு ஆகிற காசு எப்படியோ வந்துவிட்டது தம்பி, எங்களைச் சாய்த்தது மற்றதெல்லாம்தான். முதல் ஏழெட்டு மாதம் கடுமையான மருந்து ஓடும். அப்போது வெள்ளை அணு இறங்கிவிடும், காய்ச்சல் 100.4 தொட்டால் நடுராத்திரியானாலும் ஓடியாக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதனால் ஊரில் இருக்க முடியாது, மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுக்க வேண்டும். அந்த அறைக்கு அட்வான்ஸ், வாடகை. கடைச் சாப்பாடு கூடாது, அதனால் ஒரு அடுப்பு, சிலிண்டர், நாலு பாத்திரம். கூட்டமான பஸ்ஸில் ஏற்றினால் தொற்று வரும் என்று ஆட்டோ. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன், இன்னும் பீரோவில் இருக்கிறது. முதல் மாதத்தில் ஆட்டோவுக்கு மட்டும் 3,860 ரூபாய். இன்னொரு பிள்ளையை ஊரில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன், அவனுக்குப் பள்ளிச் செலவு தனி. என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, எட்டு மாதம் லீவு எந்த முதலாளி கொடுப்பார்?

அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் மாத்திரைக் காலம். தினமும் ஒரு மாத்திரை, வாரத்தில் ஒருநாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட் என்கிற இன்னொரு மருந்து, நடுநடுவே போய் ரத்தம் பார்த்து வர வேண்டும். பிள்ளைக்கு முடி வளர்ந்துவிடும், கன்னம் உப்பும், ஓடி விளையாடும். பார்க்கிறவர்களுக்குக் குணமாகிவிட்டது போலத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு போன் வராது. முதல் மாதம் எங்களுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது, எல்லாம் வந்த வேகத்திலேயே போய்விட்டது, பதினெட்டாவது மாதத்தில் 3,000 ரூபாய்க்கு என் மகளின் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டு ரயில் ஏறினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பையன், என் மகளோடு ஏணியும் பாம்பும் விளையாடுவான், முடி வளர்ந்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். வந்து போகக் காசு இல்லை, பிள்ளைதான் நன்றாக இருக்கிறானே என்று. அந்த அம்மாவின் போன் நம்பர் அப்புறம் வேலை செய்யவில்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரே மூச்சில் திரட்டி ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள். இரண்டரை வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

வீடியோ விஷயம். வேண்டாம் தம்பி. என் மகளை ஒருவர் மொட்டைத் தலையோடு, கையில் ஊசியோடு எடுத்தார், "அம்மா நீங்கள் கொஞ்சம் அழுதால் நன்றாக இருக்கும்" என்றார். பணம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்பில் அவளோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி அதைத் தேடி எடுத்து வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. எடுத்தவரிடம் அழித்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அது இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய், அவர் சார்பில் நீ வாயைத் திற.

பழைய வார்டு எழுதியது:

ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நிதி உதவி தேடித் தரும் பிரிவில் 11 வருஷம் வேலை பார்த்தேன். அக்கா சொன்ன எல்லாமே உண்மை. நான் காகித வேலையைச் சொல்கிறேன்.

முதலில் திரட்டுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள். குழந்தைக்கு ஆகும் உண்மையான தேவை தெரியாமல் 12 லட்சம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டால் பின்னால் அந்த எண்ணை மாற்ற முடியாது. மரம் ஏறும் தொழிலாளி என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அநேகமாகத் தகுதி இருக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்தில் பதியலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள். அந்தத் தனியார் மருத்துவமனை இந்தத் திட்டத்தில் இருக்கிறதா, புற்றுநோய்ப் பிரிவுக்கு இருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் நேராகக் கேட்க வேண்டும். இல்லை என்றால், மருந்து ஆரம்பிக்கும் முன்பே மாற்றுவது பற்றி டாக்டரிடமே பேசுங்கள். தள்ளிப்போட வேண்டாம், இந்த நோயில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் இந்த நோய்க்கான பிரிவு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கு இதைப் பார்க்கிறார்கள், அங்கே ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை உண்டு. இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அடையாறு மருத்துவமனையே ஊர்ப் பணத்தில் எழுந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு, எப்படியும் சாகத்தானே போகிறார்கள் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு.

அப்புறம் பிரதமர் தேசிய நிவாரண நிதி. புற்றுநோய்க்கு உதவி கிடைக்கும், ஆனால் இனி ஆகப்போகிற செலவுக்குத்தான், கட்டி முடித்த பில்லுக்குக் கிடைக்காது. அதனால் பில் கட்டும் முன் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனை முத்திரையோடு செலவு மதிப்பீடு வேண்டும், உங்கள் எம்.பி. அலுவலகம் வழியாக அனுப்பினால் அவர்களே விசாரித்துச் சொல்வார்கள், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் படிவம் வாங்கி டாக்டர் கையெழுத்து வாங்கினால் போதும், இதைக் கேட்டு வாங்காமல் இரண்டு வருஷம் முழு டிக்கெட் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணக்கு பற்றிய பயம் நியாயமானது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தனிநபர் கணக்கில் வந்தால் அது உங்கள் வருமானமாகக் கணக்கில் ஏறக்கூடும். அதைவிட உடனடித் தொல்லை, முகம் தெரியாத யாரோ அனுப்பிய பணத்தில் மோசடிப் பணம் ஒன்று கலந்திருந்தால் சைபர் புகாரில் கணக்கே முடங்கும், குழந்தைக்கு ரத்தம் வாங்க வேண்டிய அன்றைக்கு உங்களால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. வெளிநாட்டுப் பணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை செய்கிறவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரலாம், அதை மட்டும் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆன்லைன் தளம் பற்றி. மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு என்று பல இருக்கின்றன. டாக்டர் கடிதம், மதிப்பீடு, அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள், அது நல்லதுதான். பணம் கொடுக்கிறவரிடம் தளத்துக்கென்று ஒரு சதவீதம் 'டிப்' கேட்கும் பழக்கம் இருக்கிறது, அதைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கொடுக்கலாம் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவையுங்கள், பலருக்குத் தெரியாது. பணத்தை நேராக மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்பும்படி கேட்கலாம், கொடுக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும். ஆனால் அக்கா சொன்ன அறை வாடகையும் ஆட்டோவும் மருத்துவமனைக் கணக்கிலிருந்து வராது. எனவே பணத்தை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரியுங்கள், மருத்துவமனைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. காப்பீடு கிடைத்துவிட்டால் உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

பேராவூரணி மாமா எழுதியது:

மாப்பிள்ளை, மொய் விருந்து பற்றி நான் சொல்கிறேன், நம்ம பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆடி மாதம் பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டால் பணம் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது நன்கொடை இல்லையே. நோட்டில் பெயர் எழுதி, ஊர் எழுதி, தொகை எழுதுகிறோம். ஐந்து வருஷத்தில் அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதைச் செய்து, அதுக்கு மேலேயும் புதுசாக வைத்துச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன்தான், ஆனாலும் கடன். உன் நண்பன் பெயரில் விருந்து வைத்தால் பிள்ளை பிழைத்து வரும் நேரத்தில் அவன் தலையில் எட்டு லட்சம் மொய் பாக்கி இருக்கும். திருப்பிச் செய்ய முடியாமல் போனால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, உனக்கே தெரியும்.

வைப்பதாக இருந்தால் அவன் பெயரில் வைக்காதே. ஊர் பெயரில் வை. பத்திரிகையிலேயே பெரிசாகப் போடு: "இது திருப்பிச் செய்ய வேண்டாத மொய்." நோட்டு கூடாது, பெயர் எழுதக் கூடாது, நடுவில் ஒரு அண்டாவை வைத்துவிடு, போடுகிறவர்கள் போடட்டும். உங்க புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு டீக்கடைக்காரர் 2022இல் இலங்கை மக்களுக்காக இப்படித்தான் செய்தார், டீ குடித்துவிட்டு முடிந்ததைப் போட்டுவிட்டுப் போனார்கள். கறி ஆக்காதே. ஆட்டுக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவே வருகிறதில் பாதியைத் தின்னும். டீயும் வடையும் போதும்.

இன்னொன்று. நண்பனிடம் கேட்டாயா? அவன் சரி என்றானா? கை நீட்டாமல் வாழ்ந்தவனுக்கு இது மரம் ஏறுவதைவிடக் கஷ்டம். அவனை அண்டா பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், எல்லாரையும் கும்பிடச் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவன் சென்னையில் பிள்ளையோடு இருக்கட்டும்.

பெரிந்தல்மண்ணா தமிழன் எழுதியது:

நான் தேனிக்காரன், 14 வருஷமாக மலப்புறம் மாவட்டத்தில் பேக்கரி வேலை. இங்கே ஒருவருக்குப் பெரிய நோய் என்றால் முதல் வேலையாகச் சிகிச்சை உதவிக் கமிட்டி போட்டுவிடுவார்கள். வார்டு மெம்பர், பள்ளிவாசல் ஆள், கோயில் ஆள், ஒரு டீச்சர், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர். வேண்டுமென்றேதான் எதிர்க்கட்சிக்காரரையும் சேர்ப்பது. ஒருவர் ஒளித்தால் இன்னொருவர் விடமாட்டார். வங்கியில் மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் வராது. குடும்பத்தில் யாரும் கணக்கைத் தொட மாட்டார்கள், அதனால் அவர்கள் மேல் ஒரு சொல்லும் வராது.

பணம் வருகிற வழியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஒருநாள் எங்கள் ரூட்டில் ஓடுகிற தனியார் பஸ் எல்லாமே ஒரு நோயாளிக்காக ஓடின. காருண்ய யாத்திரை என்பார்கள். டிக்கெட் கிடையாது, கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வருவார். ஓனர் டீசலைப் போடுகிறார், டிரைவரும் கண்டக்டரும் அன்றைக்குச் சம்பளம் வாங்குவதில்லை. நான் தினமும் 13 ரூபாய் கொடுக்கிற தூரம், என் முன்னால் இருந்த வயசான அம்மா மடியிலிருந்து 200 ரூபாய்த் தாளை எடுத்து, நாலாக மடித்து, யாருக்கும் தெரியாமல் வாளியில் போட்டார். பிரியாணி சேலஞ்ச் என்று இன்னொன்று. முதலிலேயே வீடு வீடாகப் போய் எத்தனை பொட்டலம் என்று எழுதி வாங்கிவிடுவார்கள், அதனால் ஒரு பொட்டலமும் வீணாகாது, அரிசியும் கோழியும் பாதி யாராவது இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள், சமைக்கிறவர்களுக்குக் கூலி இல்லை.

மிச்சப் பணத்தை என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள். 2021இல் கண்ணூர் மாட்டூலில் ஒரு குழந்தைக்குத் தசைச் சிதைவு நோய், 18 கோடி ரூபாய் ஊசி. 18 கோடி சேர்ந்ததும் போதும், இனி அனுப்பாதீர்கள் என்று அறிவித்தார்கள், அதற்குள் 40 கோடிக்கு மேல் வந்துவிட்டது. மீதி வேறு குழந்தைகளுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். உங்களுக்கு அவ்வளவு வராது, ஆனால் 20,000 மிஞ்சினாலும் ஊரில் சண்டை வர அது போதும்.

திருவாரூர் அக்கா சொன்ன இரண்டாவது வருஷம் பற்றித்தான் இங்கே நான் நிறையக் கற்றுக்கொண்டேன். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள், அது பரவி இன்றைக்கு இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பாலியேட்டிவ் கிளினிக். அரசாங்கமும் 2008இல் இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நர்ஸ் வண்டியில் வீட்டுக்கே வருவார், அரிசியும் வரும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பார்ப்பார்கள். இவ்வளவும் பெரும்பாலும் சில்லறையில் நடக்கிறது. எங்கள் பேக்கரி கல்லாப் பக்கத்திலும் ஒரு டப்பா இருக்கிறது, மாதம் ஒரு தடவை ரெண்டு பையன்கள் வந்து எண்ணி ரசீது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவைகூட மாதம் தவறியதில்லை.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்தில் புற்றுநோய் என்றால் முன்பெல்லாம் கொழும்புக்கு அந்தப்பக்கம் மகரகமவுக்குப் போக வேண்டும். 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும், கிட்டத்தட்ட 670 கிலோமீட்டர், எங்கட பக்கத்துத் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டக் காசு சேர்ப்பதற்காக ஒரு குழுவினர் நடந்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருசம். சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் வழிநெடுக அவர்களோடு கொஞ்சத் தூரம் நடந்து, கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். நானும் கடைசி நாளில் நடந்தேன். அந்த மருத்துவமனையில்தான் பிறகு என்ர அம்மா சிகிச்சை எடுத்தா.

தம்பிக்கு ஒரு சின்ன யோசனை. எங்கட ஊர்ச் சங்கம் கனடாவில் இருக்கிறது. ஒருக்கால் பெருந்தொகையாக அனுப்பச் சொல்லிக் கேட்டபோது இரண்டு முறை அனுப்பினார்கள், மூன்றாம் முறை போனை எடுக்கவில்லை. அவர்களில் பிழை இல்லை, எல்லா ஊரிலிருந்தும் கேட்கிறார்கள். பிறகு மாதம் 10 டொலர் வங்கியிலிருந்து தானாகப் போகிற மாதிரிச் செய்யச் சொன்னோம். 20 பேர் சேர்ந்தார்கள். நாலு வருசமாக அது நிற்கவில்லை. நினைவு வைத்து அனுப்பச் சொன்னால் மனிசர் மறந்துபோவார்கள்.

வடக்குத்தெரு எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், இதற்குள் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய வார்டு அண்ணன் எழுதிய மறுநாளே நண்பன் டாக்டரிடம் பேசினான். அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், அன்று மாலையே எழும்பூருக்கு மாற்றிவிட்டார்கள். காப்பீட்டுக்கு வருமானச் சான்று வாங்க மூன்று நாள் அலைந்தோம், வாங்கிவிட்டோம். மருந்து தொடங்கி இன்றைக்கு ஆறாவது நாள். முதல் கட்டம் முடிந்ததும் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்களாம்.

கமிட்டி போட்டாயிற்று. பஞ்சாயத்துத் தலைவர், அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர், எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், நான். டீச்சர், தலைவர், எதிர்த்து நின்றவர் மூன்று பேர் பெயரில் வங்கிக் கணக்கு. என்னிடம் இருந்த 1,43,000 முழுசையும் அதற்கு மாற்றி, என் ஜிபே பக்கத்தை அச்சடித்து, யார் யார் எவ்வளவு என்று டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். கேள்வி கேட்டவர்தான் முதலில் வந்து படித்தார், படித்துவிட்டு 500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார், நான் வாங்காமல் கணக்கு எண்ணைக் காட்டினேன்.

திருவாரூர் அக்கா, உங்கள் நோட்டை வைத்து டீச்சர் ஒரு கணக்குப் போட்டார். முதல் 8 மாதம் சென்னையில், மாதம் 16,000. அடுத்த 22 மாதம் ஊரில் இருந்துகொண்டு போய்வர, மாதம் 5,000. திடீர்க் காய்ச்சலுக்கென்று தொடாமல் 60,000. மொத்தம் 2,98,000. 12 லட்சம் என்று ஊர் முழுக்கச் சொன்ன நான் இப்போது குரூப்பில் இந்தக் கணக்கைப் போட்டு, இன்னும் 1,55,000 இருந்தால் போதும் என்று எழுதினேன். மாதம் 250 ரூபாய் தருவதாக இதுவரை 26 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், எல்லாரையும் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்யச் சொல்லியிருக்கிறோம். மொய் விருந்து இல்லை, டீயும் வடையும் ஒருநாள் உண்டு. மிஞ்சினால் எங்கள் ஒன்றியத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் பஸ் செலவுக்கு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

வீடியோக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார். பையனின் அம்மா அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினார், என்னவோ சொல்ல வந்தார், "சாப்பிட்டீங்களாண்ணே" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது ஒரு உதவி. பையனுக்கு ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) அடிக்கடி தேவைப்படுமாம், நேற்று ஒன்று ஏற்றினார்கள். மெஷின் வழியாக எடுப்பதற்கு ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். ஊர்ப் பையன்கள் சென்னையில் நாலு பேர்தான் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு நரம்பு மெலிசு, எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓ பாசிட்டிவ். எழும்பூருக்கு வந்து போகக்கூடியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

புதிய உறுப்பினர் எழுதியது:

பெரம்பூரில் இருக்கிறேன், ஓ பாசிட்டிவ், இரண்டு தடவை தட்டணு கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாளும் வர முடியும், முதல் நாள் ராத்திரி சொன்னால் போதும். நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.